‘ரெண்டு பெக்’ கணக்கும் இருபத்தெட்டு வருடமும்

கடிதம் எழுதியவருக்கு 52 வயது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். 24 வயதில் நண்பர்களோடு குடிக்கத் தொடங்கியவர். 35 வயது வரை சனிக்கிழமை மட்டும்தான். ஆனால் அன்றைக்கு ஐந்து பெக் போகும். 35-லிருந்து 45 வரை வேலை முடிந்து வந்ததும் தினமும் இரண்டு பெக். அதற்குப் பிறகும் “அதே ரெண்டு பெக்தான் டாக்டர், கூடவே இல்லை” என்கிறார். வேறொரு இடத்தில், “750 மில்லி பாட்டில் எனக்கு நாலு நாள் வரும்” என்றும் எழுதியிருக்கிறார்.

ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. எடை 86 கிலோ. அலுவலகத்தில் எடுத்த உடல் பரிசோதனையில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’, அதாவது கல்லீரலில் கொழுப்பு, என்று வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளையும் இணைத்திருக்கிறார்: கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி. 72, எஸ்.ஜி.பி.டி. 44, ஜி.ஜி.டி. 148, பிலிருபின் 1.1, அல்புமின் 3.9, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 1,52,000.

கேள்விகள் நான்கு. அப்பா தினமும் குடித்து 81 வயது வரை இருந்தார், அவருக்கு வராதது எனக்கு ஏன் வர வேண்டும்? ஃபேட்டி லிவர் எல்லோருக்கும்தானே இருக்கிறது, இதற்கு ஏன் வீட்டில் இவ்வளவு பதற்றம்? இத்தனை வருடம் குடித்தாகிவிட்டது, இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது? ஒரு மாதம் நிறுத்திவிட்டு டெஸ்ட் நார்மலாக வந்தால், மறுபடி அளவாக எடுத்துக்கொள்ளலாமா? கூடவே ஒரு சந்தேகம்: மனைவி விளம்பரத்தில் பார்த்த ஏதோ பொடியைச் சாப்பாட்டில் கலக்கிறாரோ என்று.

கடிதம் முடிந்த பிறகு, பின்குறிப்பு போல ஒரு வரி. “போன வருடம் மகள் அழுததால் ஒரேயடியாக நிறுத்தினேன். ரெண்டாவது நாள் கை நடுக்கம், வியர்வை, துளித் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பெக் போட்டதும் சரியாகிவிட்டது. என் உடம்புக்கு அது தேவைப்படுகிறது போல.”

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு கேள்விகளுக்கும் எண் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அவசரமாகப் பட்டது எண் போடாத அந்தக் கடைசி வரிதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கை நடுக்கம்

‘உடம்புக்குத் தேவைப்படுகிறது’ என்று நீங்கள் எழுதியதில் பாதி உண்மை. மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிக்கும்போது மூளை அதை எதிர்த்து, தன்னைக் கொஞ்சம் கூடுதல் விசையில் ஓட்டிப் பழகிக்கொள்கிறது. கனமான கதவை முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருப்பவரைப் போல. திடீரென்று உள்ளேயிருந்து யாராவது தாழ்ப்பாளைத் திறந்தால் அவர் என்ன ஆவார்? நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் அப்படி வந்தவைதான். இதற்குப் பெயர் மது விலகல் நிலை. உடம்பு மதுவுக்குக் கட்டுப்பட்டுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

இதில் ஒரு அபாயம் இருக்கிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிர் போகிற நிலை அது. போன வருடம் உங்களுக்கு நடுக்கத்தோடு நின்றது. ஒவ்வொரு முறை நிறுத்தி மறுபடி தொடங்கும்போதும் அடுத்த விலகல் இன்னும் கடுமையாக வர வாய்ப்பு உண்டு.

ஆகவே, கல்லீரல் மருத்துவர் ஒருவர் சொல்லக் கூடாத மாதிரி தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு இன்று இரவே பாட்டிலைக் கவிழ்த்துவிடாதீர்கள். இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பின்குறிப்பில் எழுதியதை அவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சில நாள் மருத்துவமனையில் வைத்து, விலகலைத் தணிக்கும் மாத்திரைகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமின் கொடுத்து நிறுத்த வைப்பார்கள். நீண்ட நாள் குடிப்பவர்களுக்கு அந்த வைட்டமின் குறைந்துபோயிருக்கும். அது கவனிக்கப்படாமல் போனால் நினைவாற்றல் நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம். உங்கள் கல்லீரலின் நிலை தெரியாததால் எந்த மாத்திரை, எவ்வளவு என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டிலேயே தூக்க மாத்திரை வாங்கிச் சமாளிக்கலாம் என்ற யோசனை வந்தால், அது வேண்டவே வேண்டாம்.

பாட்டில் சொல்லும் கணக்கு

750 மில்லி பாட்டில் நான்கு நாள் வருகிறது என்றால் ஒரு நாளைக்கு 187 மில்லி. சின்ன பெக் ஒன்று 30 மில்லி. அப்படியானால் நீங்கள் குடிப்பது இரண்டு பெக் அல்ல, ஆறுக்கும் மேல். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் கண் அளவாக ஊற்றும்போது டம்ளர் அதே டம்ளர்தான், ஊற்றும் கைதான் வருடா வருடம் தாராளமாகிக்கொண்டே போகும். என்னிடம் வருபவர்களில் பலர் ‘ரெண்டு பெக்’ என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் பெக் கேட்பதை நிறுத்திவிட்டேன். பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்றுதான் கேட்பேன்.

கல்லீரலுக்குத் தெரிந்தது கிராம் கணக்கு மட்டும். மில்லியை மதுவின் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும். 40 சதவீத மது 187 மில்லி என்றால் சுமார் 60 கிராம். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 14 கிராம். விலை உயர்ந்தது, நல்ல பிராண்ட், பழச்சாறில் கலந்தது என்ற பேதமெல்லாம் குடல் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் எல்லாமே எத்தனால். கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றி, அப்புறம்தான் அதைத் தீங்கில்லாத பொருளாக்குகிறது. செல்களைக் காயப்படுத்துவதில் பெரும்பங்கு அந்த இடைநிலை நச்சுக்கு.

இப்போது உங்கள் இருபத்தெட்டு வருடத்தையும் கூட்டிப் பார்ப்போம். சனிக்கிழமை மட்டும் குடித்த 11 வருடத்தில், வாரத்துக்கு 48 கிராம் வீதம், சுமார் 27 கிலோ. தினம் 60 மில்லி என்று வைத்துக்கொண்டால் அடுத்த 10 வருடத்தில் சுமார் 70 கிலோ. கடைசி 7 வருடத்தில் மட்டும் சுமார் 153 கிலோ. மொத்தம் கிட்டத்தட்ட 250 கிலோ சுத்த ஆல்கஹால். அதில் பத்தில் ஆறு பங்கு, நீங்கள் ‘கூடவே இல்லை’ என்று சொல்லும் இந்தக் கடைசி ஏழு வருடத்தில் உள்ளே போயிருக்கிறது. இதே ஏழு வருடத்தில்தான் சர்க்கரை நோயும் வந்து சேர்ந்தது.

பழைய குடியா, புதுக் குடியா?

‘இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது’ என்ற கேள்விக்கு இந்தக் கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. மீதியை ஆய்வுகளிலிருந்து சொல்கிறேன்.

சுவீடனில் 1969, 1970-ம் ஆண்டுகளில் ராணுவப் பணிக்கு வந்த 18 முதல் 20 வயது இளைஞர்கள் 43,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டு வைத்தார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, இளமையில் அதிகம் குடித்தவர்களுக்குக் கடுமையான கல்லீரல் நோய் அதிகமாக வந்திருந்தது. இதைப் பார்த்தால் ‘விதி அப்போதே எழுதியாகிவிட்டது’ என்று தோன்றும். ஆனால் அந்த இளைஞர்களிடம் கேட்டது ஒரே ஒரு தடவை. அப்புறம் அவர்கள் எப்படிக் குடித்தார்கள் என்று அந்த ஆய்வுக்குத் தெரியாது. இருபது வயதில் நிறையக் குடித்தவர் ஐம்பதிலும் குடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

2015-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்று இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. 50 முதல் 64 வயதுக்குட்பட்ட சுமார் 56,000 பேரிடம், இருபதுகளில் எவ்வளவு, முப்பதுகளில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று வாழ்க்கை முழுவதையும் கேட்டார்கள். ஆண்களிடம் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பு விழுந்து இறுகிப்போகும் நோய்) அபாயத்தோடு ஒட்டிவந்தது சமீப வருடங்களின் குடிதான், இளமைக் குடி அல்ல. அதே ஆய்வில், தினமும் குடித்த ஆண்களுக்கு, வாரத்தில் இரண்டு முதல் நான்கு நாள் குடித்தவர்களைவிட அபாயம் அதிகம். தினமும் என்றால் கல்லீரலுக்குப் பழுது பார்த்துக்கொள்ள இடைவெளியே கிடைப்பதில்லை என்பது ஒரு விளக்கம். உங்களுடைய சனிக்கிழமைக் காலத்தை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஒரே இரவில் ஐந்து பெக் என்பதற்குத் தனி அபாயங்கள் உண்டு.

இதைவிடப் பழைய சாட்சி பாரிஸ் நகரம். இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் அங்கே ஒயின் ரேஷனில்தான் கிடைத்தது. சிரோசிஸ் என்பது பத்து இருபது வருடத்தில் மெல்ல உருவாகும் நோய். அப்படியிருக்க, ஒயின் குறைந்தால் சாவு குறைவதற்கும் பத்து இருபது வருடம் ஆக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. சில வருடங்களிலேயே அந்த நகரத்தில் சிரோசிஸ் சாவுகள் செங்குத்தாகச் சரிந்தன. போருக்குப் பின் ஒயின் தாராளமானதும் மறுபடி ஏறின. கல்லீரலில் ஏற்கனவே தழும்பு விழுந்திருந்தவர்களைக்கூட, கடைசியில் சாய்த்தது அன்றாடம் உள்ளே போய்க்கொண்டிருந்த மதுதான் என்று இதற்கு அர்த்தம்.

சிரோசிஸ் வந்த பிறகும் இது பொருந்தும். 1968-ல் அமெரிக்காவில் 278 நோயாளிகளைப் பற்றி வெளியான ஒரு ஆய்வில், குடியை நிறுத்தியவர்களில் 63 சதவீதம் பேர் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். தொடர்ந்து குடித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர். இன்றைய மருந்துகள் எதுவும் இல்லாத காலத்து எண்கள் அவை.

பழைய 250 கிலோவை உங்களால் திரும்ப எடுக்க முடியாது. அதைப் பற்றி நானும் கவலைப்படவில்லை. என் கவலை அடுத்த பாட்டிலைப் பற்றி.

அப்பாவுக்கு ஏன் வரவில்லை?

நீண்ட காலம் அதிகமாகக் குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும். ஆனால் சிரோசிஸ் வரை போவது நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர். மீதிப் பேர் தப்புகிறார்கள், அல்லது வேறு நோயில் போய்ச் சேருகிறார்கள். உங்கள் அப்பா தப்பியவர்களில் ஒருவராக இருக்கலாம். அவரோடு சேர்ந்து குடித்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

யார் தப்புவார், யார் சிக்குவார் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்குத் தழும்பு வேகமாக விழும். நீங்கள் அப்பாவிடமிருந்து பெற்றது பாதி மரபணுதான். மறுபாதி அம்மாவுடையது. அம்மா குடித்ததில்லை என்பதால் அந்தப் பாதி எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. தவிர, ‘அப்பா ஒல்லி, சர்க்கரை கிடையாது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடையை எழுதிவிட்டுத்தான் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எடையும் சர்க்கரையும் தாமே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். மது அதன் மேல் வந்து விழும்போது இரண்டும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ் இருந்தாலும் அப்படித்தான். அந்த இரண்டு பரிசோதனையும் உங்கள் தாளில் இல்லை. எடுத்துவிடுங்கள்.

இத்தாலியின் வட பகுதியில் இரண்டு சிற்றூர்களின் மக்களைப் பரிசோதித்து 1990-களில் வெளியிட்ட ஆய்வு, நாளைக்கு 30 கிராமைத் தாண்டும்போது கல்லீரல் அபாயம் ஏறத் தொடங்குவதாகக் காட்டியது. நீங்கள் அதைப் போல இரண்டு மடங்கு. சாப்பாட்டோடு சேராமல் தனியாகக் குடிப்பவர்களுக்கு அபாயம் கூடுதல் என்றும் அந்த ஆய்வு சொன்னது. ‘நல்லா சாப்பிட்டுத்தான் குடிக்கிறேன்’ என்று இதைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. உணவு வேகத்தைக் குறைக்கும், கிராமைக் குறைக்காது. இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: உடம்பில் நீர்ச்சத்தின் பங்கு குறைவு என்பது உள்ளிட்ட காரணங்களால், இதே அளவு பெண்களின் கல்லீரலை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். ஆண்களுக்குச் சொல்லும் அளவுகளைத் தங்களுக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘ஃபேட்டி லிவர்தானே’

கொழுப்பு படிந்த கல்லீரல் மட்டும் என்றால் எனக்கும் பதற்றம் இல்லை. குடியை நிறுத்தினால் நாலு முதல் ஆறு வாரத்தில் அந்தக் கொழுப்பு பெருமளவு கரைந்துவிடும். ஆனால் வயிற்று ஸ்கேனால் கொழுப்பைத்தான் நன்றாகப் பார்க்க முடியும். அடியில் தழும்பு இருக்கிறதா என்று ஆரம்ப, நடு நிலைகளில் அது சொல்லாது. கிரேடு 1, 2, 3 என்பதெல்லாம் கொழுப்பின் அளவு. நோயின் கட்டம் அல்ல. இதை இரண்டாகப் பிரித்துச் சொல்லாமல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பும் எங்கள் ஆட்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் தாளில் சிவப்புக் குறி விழாத ஒரு எண் இருக்கிறது: பிளேட்லெட் 1,52,000. பரிசோதனைக் கூடத்தின் கீழ் எல்லை 1,50,000 என்பதால் ‘நார்மல்’ என்று போட்டுவிட்டார்கள். கல்லீரல் இறுகினால் அதற்குள் ரத்தம் போவது கடினமாகும், மண்ணீரல் வீங்கும், பிளேட்லெட்டுகள் அங்கே போய்த் தங்கும். மது நேரடியாகவே பிளேட்லெட்டைக் குறைக்கவும் செய்யும். ஐந்து வருடத்துக்கு முன் உங்கள் பிளேட்லெட் எவ்வளவு? பழைய தாள் இருந்தால் தேடி எடுங்கள். 2,40,000-லிருந்து இறங்கி இங்கே வந்திருந்தால் அது ‘நார்மல்’ இல்லை.

இரண்டாவது, எஸ்.ஜி.ஓ.டி. உங்களுக்கு எஸ்.ஜி.பி.டி.யைவிட அதிகம். எடையாலும் சர்க்கரையாலும் மட்டும் வரும் கொழுப்பில் ஆரம்பத்தில் பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி.தான் முந்தி நிற்கும். இது மாறி நிற்பது மதுவின் கைவரிசை, அல்லது தழும்பின் அடையாளம், அல்லது இரண்டும். ஃபிப்-4 என்று எளிய கணக்கு ஒன்று உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் (ஆயிரத்தில்), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் இரண்டின் பெருக்கலால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 3.7 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேல் என்றால் கட்டாயம் மேலே பார்க்க வேண்டும். குடித்துக்கொண்டிருக்கும்போது எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருப்பதால் இந்த எண் கொஞ்சம் மிகையாக இருக்கலாம். அதனால் இதை வைத்து உங்களுக்குச் சிரோசிஸ் என்று நான் சொல்லவில்லை. ‘ஃபேட்டி லிவர்தானே’ என்று விட்டுவிடவும் முடியாது என்கிறேன்.

அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் கருவி. ஊசி, வலி எதுவும் இல்லை. குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். இறுக்கத்தை அளக்கும் அலகு கிலோபாஸ்கல். 8-க்குக் கீழே வந்தால் நிம்மதி. 12, 15-ஐத் தாண்டினால் அடுத்த கட்ட விசாரணை. குடிக்கும் காலத்தில் அழற்சியால் இந்த அளவும் கூடித் தெரியும். எனவே முதல் அளவு அதிகமாக வந்தால் மனம் உடைய வேண்டாம். நிறுத்திய சில வாரங்களுக்குப் பிறகு இன்னொரு தடவை எடுக்கலாம்.

குறைப்பதா, நிறுத்துவதா?

ஒரு மாதம் நிறுத்தினால் ஜி.ஜி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் இறங்கும், சந்தேகமில்லை. ஜி.ஜி.டி. இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். நெருப்பு அணைந்தால் புகை நிற்பது போல. ஆனால் சுவரில் விழுந்த விரிசல் அதற்குள் மூடியிருக்காது. தழும்பு கரைய மாதங்கள் அல்ல, வருடங்கள் ஆகும். ஆரம்பத் தழும்பு கரையும், முற்றியது முழுதாகக் கரையாது. ஆகவே ஒரு மாத ‘நார்மல்’ ரிப்போர்ட்டை மறுபடி குடிக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

தழும்பு இல்லாத, விலகல் நடுக்கம் வராத ஒருவர் இதைக் கேட்டிருந்தால், முதலில் பாதியாகக் குறையுங்கள், வாரத்தில் சில நாள் தொடாமல் இருங்கள் என்று பேச்சைத் தொடங்கியிருப்பேன். எந்த அளவும் முழுக்கப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. என்றாலும் குறைப்பதால் பயன் இல்லை என்று ஆகாது. உங்கள் விஷயம் வேறு. உடம்பு கட்டுப்பட்டுவிட்டவருக்கு ‘அளவாக’ என்பது பெரும்பாலும் சில வாரத்துக்குத்தான் நிற்கும். அதற்கு மேல் ஃபிப்-4 எண்ணும் சர்க்கரையும் இருக்கின்றன. எனவே என் ஆலோசனை முழுவதும் நிறுத்துவது, ஆனால் மருத்துவர் துணையோடு.

விலகல் முடிந்த பிறகு ஏங்க வைக்கும் வேகத்தைத் தணிக்க மருந்துகள் இருக்கின்றன. சிரோசிஸ் உள்ளவர்களிடமே சோதித்துப் பார்த்தது பேக்லோஃபென். அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன் போன்றவையும் உண்டு. எது உங்களுக்கு என்பது கல்லீரல், சிறுநீரகம் இரண்டின் நிலையைப் பார்த்து முடிவாகும். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுக்களுக்குக் கட்டணம் கிடையாது. பெயரும் சொல்ல வேண்டியதில்லை. உங்களைப் போல அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பவர்களுக்கு அது வசதி. நடுவில் ஒரு நாள் சறுக்கினால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சறுக்கல் நடக்கும். மறைத்தால் மருந்தின் அளவு தப்பாகும்.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொல்வதை உங்கள் ஒப்புதல் இல்லாமல் நிர்வாகத்துக்குச் சொல்லக் கூடாது என்பது மருத்துவரின் கடமை. அலுவலகம் ஏற்பாடு செய்த பரிசோதனையில் மட்டும், ரிப்போர்ட் யாருக்குப் போகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சைக்கு நீங்களாகத் தேர்ந்தெடுத்த மருத்துவரிடம் போகலாம்.

அந்தப் பொடி

இதை உங்கள் மனைவியும் படிக்க வேண்டும். அம்மா, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தெரியாமல் கலக்கும் எதுவும் வேண்டாம். ‘குடியை மறக்கடிக்கும்’ என்று வரும் பொடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சிலவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கலாம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் திடுமென விழும். சில சமயம் இதயமே தடுமாறும். குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது. கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கு அதையும் நாங்கள் தவிர்ப்போம், அதுவே கல்லீரலைக் கெடுக்கக்கூடியது என்பதால். இவருக்கு வேறு ஒரு சிக்கலும் உண்டு. பொடி வேலை செய்து இவர் சட்டென்று குடியை விட்டால், மேலே சொன்ன வலிப்பு வீட்டிலேயே வரும்.

மனைவியிடம் சண்டை போடாமல் கேளுங்கள் நண்பரே. கலந்திருந்தால் அந்தப் பாக்கெட்டை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், கண்ணில் மஞ்சள், வயிறு உப்பி நீர் கோத்தல், பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழப்பமாகப் பேசுதல், வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் அன்றே, அந்த மணி நேரமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அன்றாடத்தில் சில. தலைவலிக்குப் பாராசிட்டமால் எடுத்தால் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகாதீர்கள். தினம் குடிப்பவரின் கல்லீரல் அதை வேகமாக நச்சாக மாற்றும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். கல்லீரல் டானிக் என்று எதையும் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். புரதத்தைக் குறைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பழைய காலத்து யோசனை. கல்லீரல் நோயில் தசை கரைவதுதான் பெரிய பிரச்சினை. புரதம் நன்றாக வேண்டும். காபி குடிக்கலாம், அது கல்லீரலுக்கு ஓரளவு நல்லது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை போடாமல்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று தாள் எடுத்துப் போங்கள்: இந்த ரிப்போர்ட், பழைய பிளேட்லெட் எண், கடைசி ஒரு மாதத்தில் வாங்கிய பாட்டில்களின் எண்ணிக்கை. பெக் கணக்கு வேண்டாம். முடிந்தால் மகளையும் கூட்டிப் போங்கள். போன வருடம் அந்த மூன்று நாளும் உங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்தான், நீங்கள் மறந்துபோனதை அவர் சொல்வார். ஃபைப்ரோஸ்கேன் எடுத்ததும் அந்த எண்ணையும், எடுத்த தேதியையும், அதற்கு முன் கடைசியாகக் குடித்த தேதியையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். மூன்றும் இருந்தால்தான் அந்த எண்ணை என்னால் படிக்க முடியும்.